எங்கள் அச்சகத்தின் அன்பளிப்பு

பிப்ரவரி 11, செவ்வாய்

மசோதா மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை காரணம், ஓர இடைவெளி. "இடது ஓரம் போதவில்லை" என்று சட்டவரைவுப் பிரிவுக்காரர் எழுதி, அதன் கீழே கோடு வேறு போட்டிருக்கிறார். போன தடவை தலைப்பு நீளமாம். அதற்கு முந்திய தடவை தலைப்பு சுருக்கமாம். தேர்தல் பிரசாரத்துக்கு எந்த நிறுவனமும் பணமோ பொருளோ சேவையோ தரக்கூடாது. விஷயம் இவ்வளவுதான். இதைச் சொல்ல எத்தனை அங்குலம் ஓரம் விட வேண்டும்?

டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சின்னக் கட்சி ஒன்றின் சபை உறுப்பினர் ஆன பிறகும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான், கணக்கு சொல்லிக்கொடுத்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கேட்ட ஓரத்தைக் குடுத்துடும்மா. அடுத்த தடவை வேற ஏதாவது கண்டுபிடிக்கட்டும்" என்றார். கோபமே வரவில்லை. அவருக்கு வரவேண்டிய கோபமும் சேர்த்து எனக்கு வருகிறது. உதவியாளர் வேலைக்கான விளம்பரத்தில் இதை யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

ஒருவழியாக இன்று சபைக்கு வந்தது. வந்ததா? வந்தது என்று சொல்லலாம்.

அரசாங்கம் கொண்டுவராமல் உறுப்பினர் ஒருவர் தனியாகக் கொண்டுவரும் மசோதாவுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் நேரம். வெள்ளிக்கிழமை மத்தியானம் எந்த உறுப்பினர் சபையில் இருப்பார்? பாதிப் பேருடைய பெட்டி காலையிலேயே காரில் ஏறிவிடுகிறது. இருந்தவர்களும் எழுந்து எழுந்து பாராட்டினார்கள். "காலத்தின் தேவை" என்றார் ஒருவர். "இதை நான் என்றோ கொண்டுவந்திருக்க வேண்டும்" என்றார் இன்னொருவர். பாராட்டி முடித்தவர் ஒவ்வொருவராக டீ குடிக்கப் போனார். ஓட்டெடுப்பு என்றதும் கடைசி வரிசையில் யாரோ எழுந்து, கோரம் இருக்கிறதா என்று எண்ணச் சொன்னார். குறைந்தபட்ச ஆட்கள் இல்லை. மணி அடித்தார்கள். டீ குடிக்கப் போனவர்களுக்கு மட்டும் அந்த மணி கேட்கவில்லை. கேன்டீன் சபைக்கு அடுத்த கதவு. சபை கலைந்தது.

ஒருத்தர்கூட எதிர்க்கவில்லை. எதிர்த்திருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன். எல்லாம் வீண்.

பிப்ரவரி 22, சனி

வீட்டில் இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் பேப்பரைப் பெரிதாக விரித்துப் பிடித்துக்கொண்டார். அச்சகம் வைத்திருப்பவருக்குத் தேர்தல் வருஷம்தான் வருஷம். மற்றதெல்லாம் கல்யாணப் பத்திரிகையும் ரசீதுப் புத்தகமும். போஸ்டர் கட்சிக்குப் போகும், பில் கம்பெனிக்குப் போகும். இதுவரை இவர் செய்த தேர்தல் வேலை முக்கால்வாசி அப்படித்தான். உங்கள் டீச்சர் பெரிய கம்பெனியை அடிப்பதாக நினைத்து என் வயிற்றில் அடிக்கிறார் என்று இவர் கட்சி. கட்சிகள் தங்கள் பணத்தில் அச்சடித்துக்கொள்ளட்டுமே என்று என் கட்சி. கட்சிகளா, சொந்தப் பணத்திலா என்று கேட்டுவிட்டு இருமும் அளவுக்குச் சிரித்தார்.

அத்தை சமையலறையிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். "மருமக சட்டம் போடுறா, மகன் போஸ்டர் போடுறான். ஒரு வீட்டுக்கு ரெண்டு கட்சி போதும், மூணாவதா என்னை இழுக்காதீங்க."

மார்ச் 7, வெள்ளி

இன்றும் கோரம் இல்லை. இன்றும் மணி அடித்தது.

மார்ச் 18, செவ்வாய்

ஒரு வேனால் எங்களுக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது!

சிமென்ட் கம்பெனி ஒன்று உள்ளூர் இடைத்தேர்தலுக்கு வேன் கொடுத்திருக்கிறது. காலையில் அதில் ஆளுங்கட்சி பேனர், மத்தியானத்துக்கு மேல் எதிர்க்கட்சி பேனர். அதே வேன், அதே ஓட்டுநர். ஒரு மரத்தடியில் நிறுத்தி அவர் பேனரை மாற்றிக்கொண்டிருக்கும்போது யாரோ படம் எடுத்துவிட்டார். மேல் பாதி ஒரு கட்சித் தலைவர், கீழ்ப் பாதி இன்னொரு கட்சித் தலைவர் — ரெண்டும் சேர்ந்து ஒரே முகமாகப் பத்திரிகையின் முதல் பக்கத்தில். பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு திட்ட ஆரம்பித்தார்கள். நிருபர் ஓட்டுநரைக் கேட்டதற்கு, "பாட்டு மட்டும் மாத்த மறந்துடுவேன் சார், அதை யாரும் கவனிக்கல" என்றாராம்.

மத்தியானத்துக்குள் இரண்டு கட்சியும் எங்கள் மசோதாவை நாடியே வந்துவிட்டன. ஓரம், தலைப்பு எதுவும் இப்போது பிரச்சினை இல்லை. மசோதாவை ஆராய உறுப்பினர்களைக் கொண்ட தேர்வுக்குழு கூட்டுகிறார்களாம். டீச்சரோடு கேன்டீனில் ஒரே மேஜையில் உட்காராதவர்கள் இன்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஏப்ரல் 9, புதன்

குழுத் தலைவர் யார் என்று தெரிந்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஆளுங்கட்சியின் மூத்த உறுப்பினர். நாங்கள் அலுவலகத்தில் வைத்த பேர் சிரித்தமுகத்தார். துக்கம் விசாரிக்கப் போனாலும் அந்தச் சிரிப்பு மாறாது. வேன் கொடுத்த சிமென்ட் கம்பெனி அவருக்கு உறவு முறை மாதிரி. அவர் வீட்டு விசேஷம் எதுவும் அவர்கள் இல்லாமல் நடக்காது.

அவர் மசோதாவைக் குதறிப் போடப்போகிறார் என்று எண்ணித்தான் குழுக் கூட்டத்துக்குப் போனேன். நடந்தது நேர்மாறு. எங்கள் மசோதாவில் சிறு கடைகளுக்கு ஒரு விலக்கு இருந்தது: தெருவில் டீக்கடைக்காரர் போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்கு டீ கொடுத்தால், பந்தல்காரர் நாலு நாற்காலியைச் சும்மா கொடுத்தால், அது குற்றமாகாது. டீச்சர் பிடிவாதமாகச் சேர்த்தது. சிரித்தமுகத்தார் அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, "டீச்சரம்மா, நல்ல சட்டத்துல எதுக்கு இந்த ஓட்டை? பெரிய கம்பெனி நாளைக்கே சின்னக் கடை பேர்ல வந்து நிக்காதா?" என்றார். விலக்கே வேண்டாம், எல்லாக் கடையும் எல்லாத் தொழிலும் உள்ளே வரட்டும். அபராதம் மட்டும் போதாது; வாங்கியவர் அடுத்த தேர்தலில் நிற்கக்கூடாது, கொடுத்தவர் ஒரு தேர்தலுக்குப் பிரசார வேலை எதுவும் எடுக்கக்கூடாது. சட்டம் உடனே அமலுக்கு வரட்டும்.

நான் மனசுக்குள் கை தட்டினேன். உண்மையைச் சொன்னால் அந்த விலக்கு எனக்கு என்றுமே பிடித்ததில்லை. அதற்காக எத்தனை விளக்கம், எத்தனை உட்பிரிவு! வெளியே வந்ததும் டீச்சர் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்.

"என்னை விட நல்லவரா இருக்காரேம்மா. பயமா இருக்கு."

பயப்பட என்ன இருக்கிறது, திருந்தியிருக்கலாம், இல்லை பயந்திருக்கலாம், எதுவானாலும் நமக்கு லாபம்தானே என்று நான் பேசினேன். கார் வரைக்கும் பேசினேன். காருக்குள்ளும் பேசினேன். கடைசியில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சரி என்றார்.

ஏப்ரல் 10, வியாழன்

இவரிடம் சொன்னேன். டீக்கடைக்காரர் டீ கொடுத்தால் குற்றமா என்று கேட்டார். குற்றம் என்றேன். காசு வாங்கினால்? குற்றமில்லை. "அப்ப நல்ல மனுசனா இருந்தாத்தான் குற்றம்" என்றார். சட்டத்துக்கு மனசைப் பார்க்கத் தெரியாது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். தெரியாததையெல்லாம் ஏன் கூட்டிவருகிறாய் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் போய்விட்டார். ஒரு நல்ல செய்தியை இந்த வீட்டில் முழுதாகச் சொல்ல முடிவதில்லை.

மே 2, வெள்ளி

நிறைவேறிவிட்டது. ஒருமனதாக. வெள்ளிக்கிழமை மத்தியானம், சபை நிறைய ஆட்கள்! பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த காவலர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சிரித்தமுகத்தார் டீச்சர் கையைப் பிடித்துக் குலுக்கி, கேமராக்காரர்கள் வரும்வரை விடவே இல்லை. நாளைய பத்திரிகையில் படம் எப்படி வரும் என்று எனக்கு இப்போதே தெரியும். நடுவில் அவர், ஓரத்தில் பாதி டீச்சர், என் முழங்கை.

டீச்சர் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. பரீட்சைத் தாளில் விடை சரி, வழிமுறை தப்பு என்றால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நாளாவது சந்தோஷமாக இருக்கக்கூடாதா இந்த மனுஷி?

ஜூன் 12, வியாழன்

வயிறு எரிகிறது. நகரம் பூராவும் பேனர். ரயில் நிலையத்துக்கு எதிரில் ஒன்று, ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று, எங்கள் பஸ் திரும்பும் முனையில் மூன்று மாடி உயரத்துக்கு ஒன்று. எல்லாவற்றிலும் சிரித்தமுகத்தார். "தண்ணீரைச் சேமிப்போம்." "சாலையில் கவனமாகச் செல்வோம்." "முதியோரை மதிப்போம்." கீழே ஓரமாகச் சிமென்ட் கம்பெனியின் முத்திரை, மக்கள் நலனில் அக்கறையுடன். ஓட்டுப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. தேர்தலோ வருஷக் கடைசியில். முதியோரை மதிக்க இவ்வளவு பல் எதற்கு?

தேர்தல் அலுவலகத்துக்குப் புகார் எழுதிவிட்டேன். டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 25, புதன்

பதில் வந்தது. அதில் ஓட்டுக் கேட்கப்படவில்லை, ஆகவே பிரசாரமா என்பது தெளிவாகவில்லை, புகார் பரிசீலனையில் உள்ளது. தெளிவாகவில்லையாம். மூன்று மாடி உயரத்துக்கு இருக்கிறது, இன்னும் எவ்வளவு தெளிவாக வேண்டும்?

ஜூலை 8, செவ்வாய்

எங்கள் தொகுதியில் ஒரு பஸ் தடத்தை நிறுத்திவிட்டார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் பாதி வழி நடக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடலாம் என்றார் டீச்சர். துண்டுப் பிரசுரம் எழுதினேன்: நின்றுபோன பஸ்ஸைப் பற்றிப் பேச வாருங்கள், இடம், நேரம், மேலே டீச்சர் படம். அலுவலக நகல் இயந்திரம் வழக்கம்போலப் படுத்துவிட்டது. போகிற வழியில் இவர் அச்சகத்தில் கொடுத்தேன்.

அங்கே பார்க்கவே சங்கடமாக இருந்தது. இந்நேரம் இரண்டு ஷிப்டு ஓடவேண்டிய இயந்திரம் துணி போர்த்திக் கிடக்கிறது. கம்பெனிகள் பேனர் வேலையை வெளியூரில் பெரிய இடத்தில் கொடுத்துவிட்டார்களாம். இவர் குறை எதுவும் சொல்லவில்லை. பிரசுரத்தைப் படித்துப் பார்த்து, எழுத்து நெருக்கமாக இருக்கிறது, நான் அழகாகப் போட்டுத் தருகிறேன் என்றார்.

ஜூலை 10, வியாழன்

பிரசுரம் வந்துவிட்டது. நல்ல கனமான தாள், இரண்டு வண்ணம். பில் எங்கே என்றேன். உங்கள் டீச்சருக்கு நான் பில் போடமாட்டேன் என்றார். எனக்கு ஒரே நெகிழ்ச்சி. இத்தனை மாதச் சண்டைக்குப் பிறகு இந்த மனுஷன் இறங்கி வந்திருக்கிறார் என்று தோன்றியது. அத்தை முன்னால் கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தை திரும்பிக்கொண்டார். கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நேராகப் பஸ் நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் கொடுத்து முடித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

நல்ல கூட்டம். பாதிப் பேர் நின்றுகொண்டே கேட்டார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

தேர்தல் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ். பேனர் பற்றி என்று ஆசையாகப் பிரித்தேன்.

டீச்சர் பேருக்கு. புதுச் சட்டத்தின் கீழ் முதல் வழக்கு. வணிக நிறுவனம் ஒன்றிடமிருந்து பிரசாரப் பொருளை இலவசமாகப் பெற்றது. சிரித்தமுகத்தாரின் ஆள் ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார், சான்றாக எங்கள் துண்டுப் பிரசுரம். அதன் அடியில் — நான் பார்க்கவே இல்லை, சத்தியமா பார்க்கவே இல்லை — அச்சகத்தின் பேர் போடுகிற இடத்தில், சுற்றிலும் கொடியும் பூவும் போட்டு, சிவப்பு எழுத்தில்: "இப்பிரசுரம் எங்கள் அச்சகத்தின் அன்பளிப்பு."

மசோதாவின் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். எந்தக் கடையும், எந்தத் தொழிலும், எந்தச் சேவையும். விலக்கு கிடையாது. விலக்கு வேண்டாம் என்று கார் வரைக்கும் பேசினது யாரு? நான். வீட்டுக்காரர் கடையும் ஒரு கடைன்னு ஏன் எனக்குத் தோணல? அவர் கையைப் புடிச்சிக்கிட்டு நின்னேனே, அப்பக்கூடத் தோணலையே. வீட்ல யாராவது புருஷனை வணிக நிறுவனம்னு நினைப்பாங்களா?

ஜூலை 23, புதன்

இவர் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். நான் கத்தினேன். எதற்கு அந்தப் பூ, எதற்கு அந்தச் சிவப்பு? சும்மா கொடுத்தால் கீழே அப்படிப் போடுவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம், கோயில் நோட்டீஸ் முதல் பள்ளிக்கூட விழா வரை அப்படித்தான் போட்டிருக்கிறேன் என்றார். இதற்கு மட்டும் தனி மை கலக்கினாராம். பழைய தேதியில் ஒரு பில் போட்டுவிடவா என்று மெதுவாகக் கேட்டார். அன்பளிப்பு என்று இரண்டு வண்ணத்தில் ஊர் பூராவும் சொல்லிவிட்டு இப்போது பில்லா? அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

டீச்சரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அலுவலகத்தில் காலையெல்லாம் கோப்புகளை அடுக்கினேன். அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை. "அச்சு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றார்.

ஜூலை 26, சனி

இன்று அலுவலகத்துக்கு ஒரு வக்கீல் வந்தார். பெரிய வக்கீல், கம்பெனிகள் சங்கத்துக்கு நிரந்தர வக்கீல். டீச்சருக்காக வாதாடுகிறேன், கட்டணம் வேண்டாம் என்றார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவர் விளக்கிய விதம், குழந்தைக்குக்கூடப் புரியும். பிரசுரத்தில் எங்கேயாவது ஓட்டுக் கேட்டிருக்கிறீர்களா? இல்லை. பஸ்ஸைப் பற்றிப் பேச வரச்சொல்லியிருக்கிறீர்கள். ஓட்டுக் கேட்காதது பிரசாரம் ஆகாது. பிரசாரம் இல்லையென்றால் அன்பளிப்பு குற்றமில்லை. ஒரே விசாரணையில் முடிந்துவிடும். டீச்சரும் தேர்தலில் நிற்கலாம், அச்சகமும் பிழைக்கும்.

எனக்கு உயிர் வந்தது. அப்பாடா என்று டீச்சரைப் பார்த்தேன். அவர் வக்கீலிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்படித் தீர்ப்பு வந்தா, தண்ணியைச் சேமிக்கிற பேனரெல்லாம் என்ன ஆகும்?"

அதுவும் ஓட்டுக் கேட்கவில்லையே என்று வக்கீல் சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் டீச்சரைக் காப்பாற்ற வரவில்லை. சட்டம் எழுதிய டீச்சர் வாயாலேயே அந்தப் பேனர்களுக்கு நற்சான்றிதழ் வாங்க வந்திருக்கிறார். படம் மட்டும் போட்டு வார்த்தையை விட்டுவிட்டால் எந்தக் கம்பெனியும் எதையும் கொடுக்கலாம் என்று எங்கள் வழக்கிலேயே எழுதி வாங்கிவிட்டால், சட்டம் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

யோசித்துச் சொல்கிறேன் என்று டீச்சர் அவரை அனுப்பினார். கதவு சாத்தியதும் சொன்னார்: "யோசிக்க ஒண்ணும் இல்ல. அது பிரசாரம்தான். என் மூஞ்சியை எதுக்கு அவ்வளவு பெரிசாப் போட்டோம்?"

அப்படியென்றால் குற்றத்தை ஒத்துக்கொள்கிறார். நிற்க முடியாது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும். இன்னொரு வழி இருக்கும் என்றேன். இருந்தால் சொல்லு, நானும் கேட்டுக்கிறேன் என்றார்.

கிளம்பும்போது, உன் வீட்டுக்காரரிடம் கேள், வழக்கு அவர் மேலும்தான், அவர் சம்மதிக்காமல் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்றார். இது வேறு.

ஜூலை 27, ஞாயிறு

சாப்பிட்ட பிறகு சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. வக்கீல் சொன்ன வழியில் போனால் நாம் தப்பிக்கலாம், கம்பெனிகளும் தப்பிக்கும். டீச்சர் சொல்கிற வழியில் போனால் அச்சகத்துக்கு இந்தத் தேர்தலில் ஒரு போஸ்டர்கூட அடிக்க முடியாது. இரண்டில் எது என்று அவர் உங்களைக் கேட்கச் சொன்னார்.

இவர் கொட்டித் தீர்த்தார். சட்டம் வேண்டாம் என்றேன், கேட்டாயா? விலக்கை எடுக்காதே என்றேன், கேட்டாயா? கம்பெனிக்காரன் ஊர் பூராவும் சிரிக்கிறான், அவனுக்கு ஒன்றுமில்லை. நாலு கட்டுப் பிரசுரம் அடித்தவன் குற்றவாளி. எல்லாம் நியாயம்தான். தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

முடித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"நான் குடுத்தேன். காசு வாங்கல. அதைத்தானே சொல்லணும்? சொல்லிட்டுப் போறேன். அந்த வக்கீல் வழியில போனா நாளைக்கு அந்த மூணு மாடிக்காரனும் நானும் ஒண்ணாயிடுவோம்."

அத்தை, "தேர்தல் இல்லாத வருசமும் நாம சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருந்தோம்" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு இவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கல்யாணம் ஆன புதிதில்கூட இவ்வளவு கூசியதில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விசாரணை. சின்ன அறை, மின்விசிறி சத்தத்தில் பாதி கேட்கவில்லை. அதிகாரி சலிப்போடுதான் ஆரம்பித்தார். டீச்சர் எழுந்து, ஆமாம் வாங்கினேன் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதில் ஓட்டுக் கேட்கவில்லையே, அந்த வாதம் வேண்டாமா என்று அவரே எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்றார் டீச்சர். தேர்தல் வருஷத்தில், நிற்கப்போகிறவர் முகத்தைப் போட்டு, ஒரு நிறுவனம் தன் செலவில் அச்சடித்தால் அது பிரசாரம். வார்த்தை என்னவானாலும் பிரசாரம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், உத்தரவிலும் அப்படியே வரட்டும் என்று கேட்டுக்கொண்டார். வகுப்பில் சமன்பாடு சொல்கிற அதே குரல்.

அடுத்து இவர். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். எவ்வளவு மதிப்பு என்று கேட்டதற்கு, தாளும் மையும் மட்டும் சொன்னார். கூலியை ஏன் சேர்க்கவில்லை என்றார் அதிகாரி. "வேலை இல்லாம இருந்தேன் சார்" என்றார் இவர்.

வெளியே கம்பெனிச் சங்கத்து வக்கீல் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 3, புதன்

உத்தரவு வந்தது. டீச்சர் இந்தத் தேர்தலில் நிற்கக்கூடாது. அச்சகத்துக்கு அபராதம், தடை. நாலாவது பத்தியில் டீச்சர் சொன்ன வரி, ஏறக்குறைய அவர் வார்த்தையிலேயே.

செப்டம்பர் 4, வியாழன்

பத்திரிகைகள் கும்மாளம் போடுகின்றன. தான் போட்ட சட்டத்தில் தானே மாட்டினார் என்று ஒன்று. கணக்கு டீச்சர் கணக்கில் தப்பு என்று ஒன்று. இதை எழுதியவன் வீட்டுக் கணக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. சிரித்தமுகத்தார் வருத்தம் தெரிவித்திருக்கிறார். "இது ஒரு நல்ல உத்தரவு. சட்டம் எல்லோருக்கும் பொது" என்று பேட்டி. படத்தில் பற்கள் அத்தனையும். எல்லோருக்கும் பொது என்று சொன்னாரா? வெட்டி எடுத்து, ஜூன் மாதப் புகாரோடு சேர்த்து, உத்தரவின் நாலாவது பத்தியையும் இணைத்துத் தேர்தல் அலுவலகத்துக்கு மறுபடி அனுப்பினேன். டீச்சர் கையெழுத்துப் போட்டார். எங்கள் கட்சியிலிருந்து ஒருவரும் போன் பண்ணவில்லை. வேறு ஆளைத் தேட ஆரம்பித்துவிட்டார்களாம்.

செப்டம்பர் 19, வெள்ளி

டீச்சர் அறையைக் காலி செய்ய ஆரம்பித்திருக்கிறார். இன்னும் நாள் இருக்கிறதே என்றேன். சாமான் நிறைய இருக்கிறது என்றார். இருந்ததோ ஒரு குடை, இரண்டு டம்ளர். எனக்கு வேலை எத்தனை நாளைக்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டாராம், வீட்டு முன்னறையில்.

அக்டோபர் 9, வியாழன்

பஸ் திரும்பும் முனையில் காலையிலேயே ஏணி வைத்திருந்தார்கள். இறங்கிப்போய் விசாரித்தேன். எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி உத்தரவாம். அலுவலகம் போனதும் விஷயம் முழுதாகத் தெரிந்தது. சிமென்ட் கம்பெனி மேல் வழக்கு, சிரித்தமுகத்தார் நிற்கத் தடை. ஓட்டுக் கேட்கவில்லை என்று அவர் வக்கீல் அரை மணி நேரம் வாதாடினாராம், அதே வக்கீல். அந்தக் கேள்வி ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்று நாலாவது பத்தியைப் படித்துக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார்களாம். இன்னும் மூன்று கம்பெனிகள் தாங்களாகவே பேனரை இறக்கிக்கொண்டன.

டீச்சருக்கு உடனே போன் போட்டேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம். அவர், "பத்தி எண் சரியாப் போட்டாங்களா?" என்றார். போட்டார்கள் என்றேன். "சரிம்மா. பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்காங்க, வச்சிடட்டுமா?" என்றார். வைத்துவிட்டார்.

இந்த மனுஷியோடு என்னதான் செய்வது? வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று அழுதேன். உங்கள் பக்கம் ஜெயித்துவிட்டதே, இப்போது எதற்கு அழுகிறாய் என்று இவர் கேட்டார். தெரியவில்லை என்றேன். வெங்காயத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவரே நறுக்க ஆரம்பித்தார்.

நாளை வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள். எங்கள் யாருக்கும் அங்கே வேலை இல்லை.